டயட் சார்ட்டில் யார் பெயர்?

உங்க ஹாஸ்டல் வாட்ஸப் குரூப்பை ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. "30 நாளில் 10 கிலோ குறையும்", "இதைக் குடித்தால் கிட்னி கிளீன்" என்று ஏதாவது ஒரு படம் கண்டிப்பா கிடக்கும். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் போட்டு அழகாக எழுதியிருப்பார்கள். யாருக்காக எழுதியது என்கிற பெயர் மட்டும் இருக்காது. வயது இருக்காது, எடை இருக்காது, அந்த ஆளுக்கு என்ன நோய், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், வீட்டில் சமைப்பது யார், எதுவும் இருக்காது.

அந்தப் பெயரை முதலில் எழுதிவிட்டு, அதற்கப்புறம் கணக்கைத் தொடங்குகிற வேலை ஒன்று இருக்கிறது. டயட்டீஷியன் வேலை. தமிழில் உணவியல் நிபுணர் என்பார்கள். இன்ஜினியரிங் காலேஜ் இதழில் இது எதுக்குன்னு கேட்டீங்கன்னா, ரெண்டு காரணம். அந்த வேலைக்குள்ளே ஓடுவது நாம் முதல் வருஷம் படிச்ச அதே சமன்பாடுகள்தான். அப்புறம், உங்க வீட்டில் பிளஸ் டூ படிக்கிற தம்பியோ தங்கச்சியோ "டாக்டர் சீட் கிடைக்கலன்னா வேற என்ன படிக்கலாம்?" என்று இந்த வருஷமாவது உங்களிடம் கேட்கத்தான் போகிறார்கள்.

எனக்கு இந்த வேலை தெரிய வந்தது என் அத்தையால்.

எங்க ஊர் திருநெல்வேலி பேட்டை. டவுனைத் தாண்டினால் ம.தி.தா. இந்துக் கல்லூரி, அரசு ஐ.டி.ஐ. எல்லாம் இருக்கிற பக்கம். எங்க தெருவில் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுவார்கள். அத்தையும் அப்படித்தான். மடியில் சுளவு, சுளவில் வெட்டிய இலையும் தூளும், காலையில் உட்கார்ந்தால் கணக்கு முடிகிற வரை எழுந்திருக்க மாட்டாங்க. வயசு 54. சுகர் வந்து 13 வருஷம் ஆச்சு. போன வருஷம் இரண்டு சிறுநீரகமும் தளர்ந்துபோய், இப்போது டயாலிசிஸ்.

சுகர் என்று தெரிந்த காலத்தில் ஒரு மருத்துவமனையில் (பேர் வேண்டாம்) அத்தை கையில் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். முழுக்க ஆங்கிலம். ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் ஆயில், கிரீன் டீ. அத்தை அதை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாங்க. அந்தத் தாள் செய்த வேலை அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் "கருப்பட்டி போட்டுக் குடி, அது சுகர ஏத்தாது" என்றார்கள், அதைக் கேட்டாங்க. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். ரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். இதைச் சொல்ல அந்தத் தாளுக்குத் தெரியாது, ஏன்னா அது பேட்டைக்காக எழுதிய தாள் இல்லை.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் ஒரு டயட்டீஷியன் அக்காவிடம் அத்தையைக் கூட்டிப் போனோம். நான் துணைக்குப் போயிருந்தேன். "இதைச் சாப்பிடாதீங்க" என்று ஒரு பட்டியல் வரும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்த அக்கா முதல் இருபது நிமிஷம் கேள்வி மட்டுமே கேட்டாங்க.

"நேத்து எந்திச்சதுல இருந்து சொல்லுங்கம்மா. மொதல்ல வாயில என்ன போச்சு?"

"என்னத்தச் சொல்ல தாயி, ஒரு டம்ளர் காப்பி."

"எந்த டம்ளர்? இதுவா, இதுவா?" மேசையில் மூன்று அளவு டம்ளர், இரண்டு கிண்ணம், ஒரு கரண்டி இருந்தன.

நேற்று 24 மணி நேரத்தில் சாப்பிட்டது முழுவதையும் இப்படி வரிசையாகக் கேட்டு எழுதுவது இந்தத் தொழிலின் அடிப்படைக் கருவி. மறந்துபோனதை வெளியே எடுக்கக் குறுக்குக் கேள்விகள் இருக்கின்றன. "ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய்?" என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. "மாசத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குதிய, வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டால் வகுத்தல் போட்டுவிடலாம். இப்படிக் கேட்டதில்தான் எங்களுக்கே தெரியாத ஒன்று வெளியே வந்தது. பீடிக் கணக்கை முடித்துக் கடையில் கொடுத்துவிட்டு வந்துதான் அத்தை மதியம் சாப்பிடுவாங்க. மணி மூணரை ஆகிவிடும். நடுவில் பசிக்கு ரெண்டு தடவை டீயும் ரஸ்க்கும். சுகர் ஏறி இறங்கியதற்குக் காரணம் தட்டில் இருந்ததைப் போலவே கடிகாரத்திலும் இருந்திருக்கிறது.

அப்புறம்தான் கணக்கு. இதை இன்ஜினியர் கண்ணோட பாருங்க.

சிறுநீரகம் பழுதாகி, ஆனால் டயாலிசிஸுக்கு இன்னும் வராத சர்க்கரை நோயாளிக்குப் புரதத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை. புரதம் உடைந்து வருகிற யூரியாவை வெளியேற்றும் வேலை தளர்ந்த சிறுநீரகத்துக்குப் பாரம் என்பதால் அப்படி. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கதை தலைகீழ். கழிவைச் சுத்தம் செய்யும்போது அமினோ அமிலங்களும் சேர்ந்து வெளியே போகின்றன, தசையும் கரைகிறது. அதனால் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். அத்தையின் எடை 52 கிலோ. ஒரு காலத்தில் 31 முதல் 42 கிராம் வரை என்று இருந்த வரம்பு, இப்போது 52 முதல் 62 கிராம் வரை. அதே ஆள், அதே சிறுநீரகம், விதி மாறிவிட்டது.

அத்தைக்கு இது பிடிபடவே இல்லை. "அன்னைக்குப் பருப்பக் கொறன்னாவ, முட்டையைத் தொடாதன்னாவ. இன்னைக்கு முட்டை தின்னுங்காவ. இவியளுக்கு ஒரு நெதானமே கெடையாதா?" என்றாங்க. நியாயமான கேள்விதான். அந்த அக்கா கோபப்படாமல் அத்தைக்குப் புரிகிற உவமையில் சொன்னாங்க: "வாய்க்கா அடைச்சிருந்தப்போ தண்ணியக் கொறைச்சு விட்டோம்மா. இப்போ மோட்டார் வச்சு எறைக்கோம். எறைக்கையில வண்டலும் சேர்ந்து போகுது. வயலுக்கு உரம் போடாண்டாமா?" தாமிரபரணிக் கரையில் பிறந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

52 கிராமைத் தட்டில் எப்படிக் கொண்டுவருவது? நாள் முழுவதும் இட்லிக்கும் சோற்றுக்கும் சேர்த்து 200 கிராம் அரிசி என்றால், 100 கிராமுக்கு 8 கிராம் வீதம் சுமார் 16 கிராம் புரதம். துவரம்பருப்பு 30 கிராமில் சுமார் 6. பாலும் மோருமாக 150 மில்லியில் சுமார் 5. மொத்தம் 27. இன்னும் 25 கிராம் குறைகிறது. இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு 7 கிராம் தரும். 100 கிராம் மீன் ஏறக்குறைய 18 கிராம் தரும். கணக்கு முடிந்தது. மஞ்சள்கருவை ஏன் விட்டார்கள்? அதில் பாஸ்பரஸ் அதிகம், பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. முள்ளோடு மெல்லுகிற நெத்திலியும் அதே காரணத்தால் வேண்டாம், சதை மீன் போதும். கருவாட்டில் உப்பு, அதனால் அதுவும் வேண்டாம்.

புரதம் ஒரு கட்டுப்பாடு. பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ், தண்ணீர், மொத்த கலோரி, ரத்தச் சர்க்கரை எல்லாம் தனித்தனிக் கட்டுப்பாடுகள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடிக்கும். நேரியல் திட்டமிடல் படித்தவர்களுக்குத் தெரியும், இது பல கட்டுப்பாடுகளுக்குள் தீர்வு தேடுகிற கணக்கு. அதிலும் இரண்டு கட்டுப்பாடு எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது: அத்தையின் பீடிக் கூலிக்குள் அது அடங்க வேண்டும், அத்தையின் நாக்குக்குப் பிடிக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் எளிது. உள்ளே வந்தது கழித்தல் வெளியே போனது சமம் உள்ளே தங்கியது. கெமிக்கல் இன்ஜினியரிங்காரர்கள் முதலில் படிக்கும் நிறைச் சமநிலை. சிறுநீர் குறைவாகப் போகிறவருக்கு, ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவோடு சுமார் அரை லிட்டர் சேர்த்து அனுமதிப்பது பொதுவான வழக்கம். அத்தைக்கு வந்தது முக்கால் லிட்டர். இதில் காப்பி, ரசம், மோர், கஞ்சி எல்லாம் அடக்கம். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எடை 2 கிலோ ஏறினால், அது சதை இல்லை, ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர். காலிலும் நுரையீரலிலும் தங்கும் தண்ணீர். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் படுக்கைக்குப் போவதற்கு முன்னால் எடை பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் வாட்ஸப் படம் உயிருக்கு உலை வைக்கும் என்று சொல்கிறேன். வெயில் காலத்தில் உங்களுக்கும் எனக்கும் இளநீர் நல்லது. அதில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் வேலை செய்கிறவருக்கு உபரிப் பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். வேலை செய்யாதவருக்கு அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். அத்தையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பாசத்தோடு கொண்டுவந்தது பூராவும் இளநீரும் வாழைப்பழமும்தான். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்கிற பொட்டலத்தைப் பாருங்க. சோடியத்துக்குப் பதில் அதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. ரத்த அழுத்தம் உள்ள பலருக்கு அது உதவும். ஆனால் 2025 ஜனவரியில் அதைப் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்ட உலக சுகாதார நிறுவனமே, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று தனியே விலக்கு வைத்திருக்கிறது.

அந்த அக்கா அத்தையிடம் காய்கறியை விடச் சொல்லவில்லை. சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் தாளிக்கச் சொன்னாங்க. பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். அவியல் இருக்கும், ருசி கொஞ்சம் குறையும். சொதியைக் கேட்டதற்கு, "கல்யாண வீட்ல மட்டும், ரெண்டே கரண்டி, அன்னைக்கு மோர் கிடையாது" என்று பேரம் பேசி முடித்தாங்க. அந்தத் தாளை அத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைக்கவில்லை. அடுப்புக்கு மேல் ஒட்டியிருக்காங்க. மேலே அவங்க பேர், தமிழில்.

ஒரு எச்சரிக்கை. மேலே நான் எழுதிய எண்கள் எல்லாம் அத்தைக்குப் போட்டவை. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால், இந்தக் கட்டுரையும் இன்னொரு வாட்ஸப் படம் ஆகிவிடும்.

சரி, அரிசியில் 8, பருப்பில் இவ்வளவு என்று எண்கள் எங்கிருந்து வருகின்றன? நம்ம ஊர் மலையில் இருந்துதான். 1918-ல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்கிறவர்களுக்கு வைட்டமின் பி1 குறைந்து வருகிற நோய் அது. நெல்லை வேகவைக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும் என்பதால், புழுங்கல் அரிசி சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. அந்தச் சின்னப் பிரிவு 1928-ல் உணவூட்ட ஆராய்ச்சிக் கூடம் ஆனது, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

அந்த நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் சி. கோபாலன். 1918-ல் சேலத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், நூறு வயதைக் கடந்து 2019-ல் மறைந்தார். இந்திய உணவுகளின் சத்து மதிப்பைப் பட்டியலிட்டு அவரும் சக விஞ்ஞானிகளும் வெளியிட்ட புத்தகம் பல பத்தாண்டுகளாக இந்திய டயட்டீஷியன்களின் மேசையில் இருந்தது. 2017-ல் அதே நிறுவனம் 528 உணவுப் பொருட்களை நாடு முழுவதும் சேகரித்துப் புதிதாக அளந்து புதிய அட்டவணை வெளியிட்டது. உங்க போனில் இருக்கிற கலோரி ஆப் எந்த அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுகிறது என்று ஒரு தடவை பாருங்க. அமெரிக்க அரிசிக்கும் அம்பை அரிசிக்கும் ஒரே எண் போட்டிருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

இந்த வேலை ஆஸ்பத்திரியோடு முடிகிறது இல்லை. ஐ.சி.யு.வில் மூக்கு வழியாகக் குழாய் போட்டவருக்கு ஒரு மில்லிக்கு ஒரு கலோரி தரும் கரைசலில் 1,500 கலோரி வேண்டுமென்றால் 1,500 மில்லி. அதை எத்தனை மணிக்கு ஒரு தடவை, எவ்வளவு கொடுப்பது, வயிற்றுப்போக்கு வந்தால் எப்படி மாற்றுவது என்று தீர்மானிப்பதில் டயட்டீஷியனுக்குப் பங்கு உண்டு. பெரிய மருத்துவமனைகளில் சமையல்கூடமே அவர்கள் மேற்பார்வையில் ஓடும். விளையாட்டு வீரர்களுக்குத் தனி, குறைமாதக் குழந்தைகளுக்குத் தனி. ஊர் அளவில் பார்த்தால், 1956-ல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2022-ல் தொடங்கிய காலை உணவு என்று தமிழ்நாடு வருஷக்கணக்காகப் பிள்ளைகளின் தட்டில் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது.

எப்படி ஆவது? பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு, முடிந்தால் உயிரியலும் வேதியியலும். பிறகு பி.எஸ்ஸி.யில் ஊட்டச்சத்து மற்றும் உணவியல், அல்லது மனையியல். கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் இதில் பழைய பெயர், 1957-ல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கியது. அதன் பிறகு இரண்டு வருஷ எம்.எஸ்ஸி. அல்லது ஒரு வருஷ முதுநிலை டிப்ளமோ. அதோடு மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சி. அதை முடித்தவர்கள் 1963-ல் அமைந்த இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வை எழுதி 'ஆர்.டி.', அதாவது பதிவுபெற்ற டயட்டீஷியன் ஆகலாம். தகுதி விதிகள் அவ்வப்போது மாறுவதால், சேர்வதற்கு முன் சங்கத்தின் அறிவிப்பைப் படித்துவிடச் சொல்லுங்க.

பாடத்திட்டத்தில் சமையல் கொஞ்சம்தான். உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் என்று மிரட்டும். நம்மில் ஒருத்தர் பி.இ. முடித்துவிட்டு நேராக இதற்குள் போவது கடினம், பெரும்பாலும் அந்தத் துறை பி.எஸ்ஸி. கேட்பார்கள். உணவின் பக்கம் ஆசை இருந்தால் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் வழியைப் பாருங்க. அது டயட்டீஷியன் வேலை ஆகாது, ஆனால் பக்கத்து வீடு.

சம்பளத்தை மறைக்க வேண்டாம். சின்ன ஊர் மருத்துவமனையில் தொடக்கச் சம்பளம் நம்ம கேம்பஸ் ஆஃபர் கனவுக்குப் பக்கத்தில் நிற்காது. பல இடங்களில் இந்தப் பதவியே கிடையாது, ஜெராக்ஸ் தாள் மட்டும்தான் உண்டு. இதில் மாற வேண்டியது நிறைய இருக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், டயட்டீஷியனையும் ஊட்டச்சத்து நிபுணரையும் தன் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சட்டப்படி, நலவாழ்வுத் தொழிலராக இருக்க குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு கொண்ட பட்டம் வேண்டும். 2025-ல் யு.ஜி.சி., உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் உட்பட இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழகங்களுக்குச் சொன்னது. 3,600 மணி நேரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "45 நாளில் டயட் கோச்" என்று இன்ஸ்டாகிராமில் வருகிற விளம்பரத்தைப் பாருங்க. வித்தியாசம் தானாகத் தெரியும்.

அடுத்த தடவை ஜிம்மிலோ குரூப்பிலோ யாராவது உங்களுக்கோ வீட்டில் இருப்பவர்களுக்கோ ஒரு சார்ட் நீட்டினால், மூணே மூணு விஷயம் கவனிங்க. நேற்று என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாரா? என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்டாரா, ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தாரா? என்ன படித்திருக்கிறார் என்று நீங்க கேட்டால் பதில் வருகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் உட்கார்ந்து பேசலாம்.

அத்தை இப்போதும் டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கொஞ்சம் பீடி சுற்றுகிறாங்க. மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு, கணக்கு முடிந்தாலும் முடியாவிட்டாலும். போன மாசம் தெருவில் ஒரு ஆச்சி, அவங்களுக்கும் கால் வீங்குகிறது என்று சொல்லி, அடுப்புக்கு மேலே இருக்கிற தாளைப் படம் எடுத்துக்கொள்ள போனோடு வந்தாங்க. அத்தை விடவில்லை.

"இது எனக்கு எழுதினது மதினி. ஒங்களுக்குத் தோதுப்படாது. வியாழக்கெழம நான் போவேன், கூட வாங்க, அந்தப் புள்ள ஒங்களுக்குத் தனியா எழுதித் தரும்."